நாய்க்கு சிசேரியன்: உள்ள நிக்கறதா, வெளிய உக்கார்றதா, குட்டிகிட்ட போறதா?

"நாளைக்கு காலைல நம்ம பக்குக்கு ஆபரேஷன், நான் தியேட்டர் உள்ள நிக்கட்டுமாண்ணா, டாக்டர் வேணும்னா நில்லுங்கன்றாரு, வீட்டுக்காரர் வேணவே வேணாம்ன்றாரு." வேலூர சுத்தி காட்பாடி, சத்துவாச்சாரி, குடியாத்தம், ஆற்காடுன்னு எல்லா பக்கமும் நாய் வளக்கறவங்க இந்தக் கேள்விய கேட்டுட்டேதான் இருக்காங்க. கேக்கறவங்க எல்லாருக்கும் ரெண்டு வழிதான் கண்ணுக்குத் தெரியுது, உள்ள இல்லன்னா வெளிய. நான் பாத்த வரைக்கும் வழி நாலு. டேபிள்கிட்டயே நிக்கலாம், பக்கத்து ரூம்ல குட்டிங்கள வாங்கித் தொடைக்கலாம், வெளிய பெஞ்சில உக்காரலாம், விட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டு கூப்பிட்டா வரலாம்.

எது உங்களுக்குன்னு பாக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு. கடைசி வார்த்தை டாக்டரோடது. அவர் வேணாம்னா வேணாம்தான், அதுல சண்டை போட்டு உள்ள போறதால நாய்க்கு ஒரு லாபமும் இல்ல. ஆனா "உங்க இஷ்டம்"னு சொல்ற டாக்டருங்க நம்ம பக்கம் நெறைய பேர் இருக்காங்க, சின்ன கிளினிக்ல ஆள் இல்லாததால "நீங்களும் வாங்க, ஒரு கை குடுங்க"ன்றவங்களும் இருக்காங்க. அவங்களுக்குதான் இது.

எதை வச்சு முடிவு பண்றது

மொதல்ல நாய்க்கு நெனவு இருக்குமான்னு பாக்கணும். "மனுஷ பொம்பளைங்களுக்கே பிரசவத்துல கூட ஒரு ஆள விடறாங்க, நாய்க்கு ஏன் விடக்கூடாது"ன்னு கேக்கறாங்க, நியாயமான கேள்விதான். ஆனா மனுஷங்களுக்கு சிசேரியன்னா பெரும்பாலும் முதுகுல ஊசி போட்டு இடுப்புக்கு கீழ மட்டும் மரத்துப்போக வெப்பாங்க, அம்மா முழிச்சிருப்பா, பக்கத்துல புருஷனோ அம்மாவோ கைய புடிச்சா அவளுக்குத் தெரியும். நாய்க்கு பெரும்பாலும் முழு மயக்கம். நீங்க தலைமாட்டுல நின்னு "பாப்பா பாப்பா"ன்னு கூப்பிட்டாலும் அதுக்கு ஒண்ணும் கேக்காது. நீங்க கூட இருக்கறது அதுக்குப் புரியறது மயக்கம் போடற வரைக்கும், அப்புறம் முழிக்கறப்போ. நடுவுல நீங்க நிக்கறது உங்களுக்காக மட்டும்தான். இந்த ஒரு விஷயம் புரிஞ்சுட்டா பாதி குழப்பம் தீந்துடும்.

அடுத்தது கை எத்தனை இருக்குன்றது. மனுஷங்க சிசேரியன்ல கொழந்தைய வாங்கறதுக்குன்னே தனி டாக்டர், நர்ஸ் எல்லாம் நிப்பாங்க, அதுவும் ஒரே ஒரு கொழந்தை. லேப்ரடார் வயித்துல எட்டு பத்து குட்டி இருக்கும், கர்ப்பப்பைய தொறந்தா வரிசையா சில நிமிஷத்துக்குள்ள எல்லாம் வெளிய வந்துடும், டாக்டர் அதுக்கப்புறம் தையல்ல இருப்பாரு, அசிஸ்டென்ட் ஒருத்தர் மயக்கத்த பாத்துட்டு இருப்பாரு. அப்போ குட்டிங்கள யாரு பாக்கறது? ரெண்டு மூணு குட்டிக்கு ஒரு ஆளாவது வேணும்.

சுத்தம் மூணாவது. வயிறு தொறந்திருக்கற எடத்துல கூட ஒரு ஆள், அதுவும் வீட்டு செருப்போட, நாய் முடி ஒட்டுன டீ ஷர்ட்டோட நிக்கறது நல்லதில்ல. அப்புறம் டாக்டரோட கவனம். ஓனர் பக்கத்துல நின்னு மூச்சு வாங்கினா கை நடுங்கற டாக்டரும் இருக்காரு, கவலையே படாத டாக்டரும் இருக்காரு, வெக்கப்படாம நேராவே கேட்டுடுங்க.

கடைசியா, நடுவுல எடுக்க வேண்டிய முடிவு. கர்ப்பப்பை கெட்டுப்போயிருந்தா எடுத்துடலாமா, அதோட கருத்தடையும் பண்ணிடலாமா, இதுக்கெல்லாம் ஓனர் சம்மதம் வேணும். நீங்க எங்க இருந்தாலும் அஞ்சு நிமிஷத்துக்குள்ள பதில் சொல்ற நெலமைல இருக்கணும்.

பகல் ஆபரேஷனா, நடு ராத்திரியா

எல்லா கணக்கையும் மாத்தறது இதுதான். பக், ஃப்ரெஞ்ச் புல்டாக், புல்டாக் மாதிரி தலை பெருசு இடுப்பு குறுகல்னு இருக்கற ஜாதிக்கு தேதி குறிச்சே பண்ணுவாங்க, ரத்தத்துல புரோஜெஸ்ட்ரான்ற ஹார்மோன் அளவு பாத்து, ஸ்கேன்ல குட்டியோட இதயத் துடிப்பு பாத்து. துடிப்பு நிமிஷத்துக்கு 200க்கு மேல இருந்தா நல்லது, 180க்கு கீழ எறங்குச்சுன்னா குட்டி கஷ்டப்படுதுன்னு அர்த்தம். இது பகல் வேலை, ஆள் இருப்பாங்க, நீங்களும் நிதானமா முடிவு பண்ணலாம்.

ராத்திரில வர்றது வேற கதை. காலைல உடம்பு சூடு 99 டிகிரிக்கு கீழ எறங்கியிருக்கும், நாய்க்கு சாதாரணமா 101 102 இருக்கும், எறங்குச்சுன்னா ஒரு நாளைக்குள்ள குட்டி போட்டுடும்னு அர்த்தம். சாயந்திரம் முக்க ஆரம்பிக்கும், அரை மணி நேரம் நல்லா முக்கியும் குட்டி வரலன்னாலோ, ஒரு குட்டி போட்டுட்டு உள்ள இன்னும் இருக்கறப்பவே ரெண்டு மணி நேரம் சும்மா கெடந்தாலோ, மொத குட்டி வர்றதுக்கு முன்னாடியே பச்சையா தண்ணி வந்தாலோ வண்டிய எடுத்துட வேண்டியதுதான். அப்போ கிளினிக்ல டாக்டரும் தூக்கக் கலக்கத்துல வந்த ஒரு பையனும்தான் இருப்பாங்க. அந்த நேரத்துல உங்க கை அவங்களுக்கு வேணும்.

சிலர் "சென்னை வேப்பேரிக்கே போயிடலாம்"ன்றாங்க. 1903ல ஆரம்பிச்ச கால்நடை மருத்துவக் கல்லூரி, ஸ்டூடன்ட்ஸ், பிஜி டாக்டருங்கன்னு ஆளுக்குப் பஞ்சமே இல்ல, நீங்க வெளிய நின்னா போதும். ஆனா வேலூர்லேருந்து சுமார் 140 கிலோமீட்டர், வாலாஜா டோல், ஸ்ரீபெரும்புதூர் டிராஃபிக் எல்லாம் தாண்டி ரெண்டரை மூணு மணி நேரம் ஆயிடும். தேதி குறிச்ச ஆபரேஷன்னா போங்க. முக்கிட்டு இருக்கற நாய பின் சீட்ல போட்டு அவ்ளோ தூரம் இழுத்துட்டுப் போறதுக்கு பக்கத்துல கெடைக்கற டாக்டர் எவ்ளோவோ மேல்.

டேபிள்கிட்டயே நிக்கிறது

நிம்மதி கெடைக்கும், என்ன நடக்குதுன்னு கண்ணால பாக்கலாம், முடிவு கேட்டா அங்கயே சொல்லிடலாம். இவ்ளோதான் நல்லது. மறைஞ்சிருக்கற செலவுதான் அதிகம்.

வயித்த கிழிச்சு கர்ப்பப்பைய வெளிய எடுத்து வெப்பாங்க, ரெண்டு கொம்பு மாதிரி நீளமா, குட்டி இருக்கற எடமெல்லாம் முடிச்சு முடிச்சா தெரியும். அத வெட்டறப்போ பனிக்குடத் தண்ணி, ரத்தம், நஞ்சுக்கொடியோட ஓரத்துல இருக்கற கரும்பச்சை எல்லாம் சேந்து வழியும், வாடையும் வரும். அந்தப் பச்சை ஆபரேஷன்ல சாதாரணம்தான், ஆனா தெரியாதவங்க பாத்தா "அய்யோ அழுகிட்ச்சு"ன்னு அலறிடுவாங்க. கறிக்கடை வெச்சிருக்கற ஒருத்தர், ரத்தம்லாம் எனக்கு சாதாரணம்னு சொல்லிட்டு உள்ள போனவரு, குட்டி வர்றதுக்கு முன்னாடியே கண்ணு சொருகி செவுத்துல சாஞ்சுட்டாரு. அவர புடிக்கறதா, நாய பாக்கறதான்னு அசிஸ்டென்ட்டுக்கு முழி பிதுங்கிடுச்சு. சொந்த நாயோட வயிறுன்றப்போ தைரியம் வேற கணக்கு.

கேஸ் மயக்கம் குடுக்கற எடம்னா வீட்ல கர்ப்பமா இருக்கறவங்க கண்டிப்பா உள்ள வரக்கூடாது, கொஞ்சம் கசிஞ்சாலும் நல்லதில்ல. பசங்கள கூட்டிட்டு வந்து "குட்டி பொறக்கறத காட்டறேன்"ன்றவங்களும் இருக்காங்க, வேணாம்ங்க, தொடச்சு பால் குடிக்கறப்போ காட்டுங்க. ரீல்ஸ் எடுக்கறவங்கள பத்தி நான் ஒண்ணும் சொல்லல, டாக்டரே சொல்லுவாரு.

அப்போ யாருக்குதான் இது சரி? ஒரு சந்தர்ப்பம் உண்டு. நாய் ரொம்ப பலவீனமா இருந்தா சில டாக்டருங்க முழு மயக்கம் குடுக்காம முதுகுல ஊசி போட்டு, லேசா மட்டும் மயக்கி பண்ணுவாங்க. அப்போ நாய்க்கு அரைகுறையா நெனவு இருக்கும், பயந்து தலைய தூக்கும். தலைமாட்டுல, திரைக்கு அந்தாண்ட வயித்த பாக்காம நின்னு, காத தடவிட்டு பேசிட்டே இருக்க ஒரு ஆள் வேணும், அந்த ஆள் நீங்களா இருந்தா நாய் அடங்கும். இதுக்கு மட்டும் நான் உள்ள போங்கன்னு சொல்லுவேன். மத்தபடி வேணாம்.

பக்கத்து ரூம்ல குட்டி வாங்கறது

என் ஓட்டு இதுக்குதான், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

டேபிள்லேருந்து தள்ளி, கதவுக்கு இந்தாண்டயோ தியேட்டர் மூலைலயோ ஒரு மேஜை. மேல டவல் பத்து பன்னெண்டு, பழைய காட்டன் புடவைய கிழிச்சு வெச்சாலும் சரி. கொழந்தைங்களுக்கு மூக்குல சளி எடுக்கற ரப்பர் பல்பு, நூல், டிஞ்சர் அயோடின், கத்தரிக்கோல், கிச்சன் தராசு, அட்டைப் பெட்டி, வெந்நீர் ஊத்துன பாட்டில் துணி சுத்தி.

அசிஸ்டென்ட் குட்டிய துணியில போட்டுக் குடுப்பாரு. மூஞ்சில ஒட்டியிருக்கற சவ்வ மொதல்ல எடுக்கணும், வாய்ல பல்பு வெச்சு உறிஞ்சிட்டு அப்புறம் மூக்கு. தலைய கொஞ்சம் கீழ சாய்ச்சு புடிச்சு முதுகு, நெஞ்சு எல்லாம் டவல்ல நல்லா தேய்க்கணும், பயந்து பயந்து தடவற வேலையில்ல இது. பழைய ஆளுங்க குட்டிய ரெண்டு கைலயும் புடிச்சு வேகமா மேலயும் கீழயும் வீசுவாங்க தண்ணி எறங்கும்னு, அத செய்யாதீங்க, மூளைல ரத்தம் கசிஞ்சுடும். கத்தி, நாக்கு ரோஸ் கலர் ஆச்சுன்னா தொப்புள் கொடிய வயித்துலேருந்து ஒரு இஞ்ச் விட்டுக் கட்டி வெட்டி அயோடின் வெச்சு பெட்டில போடணும்.

ஊசி மட்டும் போட்டு மயக்கற எடத்துல, முக்கியமா சைலசின் மாதிரி மருந்து போட்டிருந்தா, குட்டிங்க தூங்கி வழிஞ்சுதான் வரும். அதுங்க செத்துட்ச்சுன்னு நெனச்சு ஒதுக்கிடக் கூடாது. ராணிப்பேட்டை பக்கம் தோல் கம்பெனில வேலை செய்யற ஒரு தம்பி அவங்க லேப்ரடார ராத்திரில தூக்கிட்டு வந்தப்போ, அவங்க அக்காவும் கூட வந்திருந்தாங்க. மூணாவதா வந்த குட்டி கைல துணி மாதிரி தொங்குச்சு, நாக்கு நீலம். தம்பி, "இன்னாக்கா, போயிட்ச்சா?"ன்னான். அக்கா நெஞ்சுல ரெண்டு வெரல வெச்சுப் பாத்துட்டு, "துடிக்குதுடா, போவல, தேய்ச்சுகினே இரு"ன்னுட்டு அடுத்த குட்டிய வாங்கப் போயிட்டாங்க. அவன் அழுதுட்டே தேய்ச்சான், ரொம்ப நேரம் ஒண்ணும் இல்ல, அப்புறம் ஒரு தடவ வாய தொறந்து காத்த இழுத்துச்சு, மறுபடியும் நின்னுச்சு, மறுபடியும் இழுத்துச்சு, கடைசில கீச்சுன்னு ஒரு சத்தம். நெஞ்சு துடிக்கற வரைக்கும் விடக்கூடாது, இருவது நிமிஷம் ஆனாலும். ஒரே அசிஸ்டென்ட் இருக்கற எடத்துல அந்தக் குட்டிக்கு இவ்ளோ நேரம் யாரும் குடுத்திருக்க முடியாது.

சூட்டுல ரெண்டு பக்கமும் தப்பு நடக்கும். தியேட்டர்ல ஏசி ஓடும், ஈரமான குட்டி ஜில்லுன்னு ஆயிட்டா பால் குடிக்காது, குடிச்சாலும் செரிக்காது, அதனால மொத வாரம் பெட்டிக்குள்ள 30லேருந்து 32 டிகிரி செல்சியஸ் வேணும். அதே வேலூர்ல மே மாசம், வெளியவே நாப்பது டிகிரி, வீட்டுக்குள்ளயே முப்பத்தாறு முப்பத்தேழு இருக்கும், அப்போ யாரோ சொன்னாங்கன்னு 100 வாட்ஸ் பல்பு மாட்டுனா குட்டி வெந்துடும். ஒரு தெர்மாமீட்டர் பெட்டிக்குள்ள போட்டு வெச்சுடுங்க.

இதுக்கு மறைஞ்ச செலவு என்னன்னா, நீங்க மட்டும் போதாது. கூட ஒருத்தர் வேணும், அக்காவோ தம்பியோ எதிர்வீட்டுப் பையனோ, அழுதாலும் கை நிக்காத ஆளா இருக்கணும். அண்ணம் பிளந்து பொறக்கற குட்டி, பொறந்து செத்த குட்டி எல்லாம் உங்க கைல வரும், அதுக்கு மனச தேத்திக்கணும். பக், புல்டாக் குட்டின்னா வாய தொறந்து அண்ணத்த பாத்துடுங்க, பிளவு இருந்தா பால் மூக்குல ஏறும், டாக்டர்கிட்ட அப்பவே காட்டணும்.

தேய்ச்ச ஈரத்துணி ஒண்ண தூக்கிப் போட்டுடாதீங்க. முழிச்ச தாய்க்கு இந்தக் குட்டிங்க தன்னோடதுன்னே தெரியாது, அது பெத்ததே அதுக்குத் தெரியாதே, அந்தத் துணியோட வாடை குட்டி மேல இருந்தா ஏத்துக்கறது கொஞ்சம் சுலபம்.

வெளிய பெஞ்சில உக்கார்றது

இந்த ஊர்ல ஆஸ்பத்திரி வாசல்ல காத்திருக்கறது யாருக்கும் புதுசில்ல, சிஎம்சிய சுத்தி லாட்ஜ் எடுத்து நாள் கணக்குல தங்கற சனங்கள தெனம் பாக்கறோம். இதுல கேவலம் ஒண்ணும் இல்ல, "உள்ள போகாம வெளிய உக்காந்திருக்கான் பாரு"ன்னு சொல்றவங்கள விட்டுத் தள்ளுங்க.

கிளினிக்ல போதுமான ஆள் இருந்தா, பகல்ல நடந்தா, உங்களுக்கு ரத்தம் ஆகாது, சர்க்கரை, பிரஷர் இருக்குன்னா இதுதான் சரி. ஆனா சும்மா உக்காரக் கூடாது. மயக்கம் போடற வரைக்கும் உள்ள இருந்து நாய புடிச்சுக்கங்க, ஊசி குத்தறப்போ, ஆக்சிஜன் மாஸ்க் வெக்கறப்போ உங்க கை இருந்தா அது தெமிறாது, தெமிறாம மயங்குனா மருந்தும் கம்மியா போதும், மருந்து கம்மின்னா குட்டிக்கும் நல்லது. அப்புறம் வெளிய வந்துடுங்க. கூப்பிட்டதும் முழிக்கறப்போ மறுபடியும் உள்ள. இது பாதி உள்ள பாதி வெளிய, நெறைய பேருக்கு இதுவே போதும்.

போன ஃபுல் சார்ஜ்ல வெச்சுக்கங்க, டீக்கடைக்குப் போறதுன்னாலும் கிளினிக் கண்ணுக்குத் தெரியற கடையா பாருங்க, மெடிக்கல் ஷாப்புல மருந்து வாங்கிட்டு வரச் சொல்லுவாங்க, அதுவும் ஒரு வேலைதான். கவர்மென்ட் கால்நடை ஆஸ்பத்திரின்னா ஆபரேஷனுக்கு காசு பெருசா ஆகாது, ஆனா தையல் நூல், சில ஊசி மருந்து எல்லாம் வெளிய வாங்க வேண்டி வரலாம், ஓடறதுக்கு ஒரு ஆள் வேணும்.

விட்டுட்டு வீட்டுக்குப் போறது

வேலைக்குப் போறவங்க, சின்னக் கொழந்தை இருக்கறவங்க வேற வழி இல்லாம இதத்தான் பண்றாங்க, தப்புன்னு சொல்ல மாட்டேன். ராத்திரியும் ஆள் தங்கி பாத்துக்கற பெரிய எடமா இருந்தா பண்ணுங்க. கருத்தடை பண்றதா, கர்ப்பப்பைய எடுக்க வேண்டி வந்தா என்ன செய்யறதுன்னு கையெழுத்து போட்டு, வாயாலயும் சொல்லிட்டுப் போங்க, அப்புறம் போன் வரும்னு மீட்டிங்ல சைலன்ட்ல போட்டுடாதீங்க.

ராத்திரி ஆள் தங்காத கிளினிக்ல மட்டும் இத செய்யாதீங்க. தாய் அரை மயக்கத்துல குட்டி மேலயே படுத்துடும், சிலது பயத்துல கடிச்சுடும், மொத நாள் முழுக்க ஒரு ஆள் கண்ணு வெச்சே இருக்கணும். சீம்பால் மொத பன்னெண்டு மணி நேரத்துக்குள்ள வயித்துக்குப் போயாகணும், ஆபரேஷனுக்கு முன்னாடி மடில தடவுன மருந்த ஈரத்துணியால தொடச்சுட்டு, தாய ஒருத்தர் புடிச்சுக்க இன்னொருத்தர் குட்டிய ஒவ்வொண்ணா காம்புல வெக்கணும். இத எந்தப் பூட்டுன கிளினிக்கும் உங்களுக்கு பண்ணித் தராது. ஆபரேஷனப்போ வீட்ல இருந்துட்டு அன்னிக்கு ராத்திரி லீவ் போட்டு கூட இருக்கறவங்க, ஆபரேஷன் முழுக்க உள்ள நின்னுட்டு ராத்திரி அசந்து தூங்கறவங்கள விட நாய்க்கு அதிகம் செய்யறாங்கன்னு நான் நெனைக்கறேன்.

டாக்டர்கிட்ட முன்னாடியே கேட்டுக்கங்க

முழு மயக்கமா, முதுகு ஊசியா? குட்டிங்கள தேய்க்க உங்ககிட்ட எத்தனை பேரு? நாங்க ரெண்டு பேர் வந்தா எங்க நிக்கணும், என்ன எடுத்துட்டு வரணும்? மயக்கம் போடறப்பவும் முழிக்கறப்பவும் கூட இருக்கலாமா? நடுவுல ஏதாவதுன்னா தாய்தானே மொதல்ல? ராத்திரி யாரு பாத்துப்பாங்க? இதுல ரெண்டாவது கேள்விக்கு "ஒரு பையன்தான்"னு பதில் வந்தா, ஸ்கேன்ல நாலு குட்டிக்கு மேல தெரிஞ்சா, நீங்களும் இன்னொரு ஆளும் டவலோட போயிடுங்க.

வீட்டுக்குத் திரும்பறதுக்கும் அந்த இன்னொரு ஆள் வேணும். ஒருத்தர் ஓட்டணும், ஒருத்தர் பின்னாடி தாய்கூட உக்காரணும், குட்டிங்க தனிப் பெட்டில முன் சீட்ல, ஏசி அதுங்க மேல நேரா அடிக்காம.